எந்தத் தெரு என்ற கேள்வி

கும்பகோணத்தில் பாத்திரக் கடை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார்: “அமெரிக்காவில் கறுப்பினத்தவரை நிறம் பார்த்து போலீஸ் நிறுத்துகிறது என்று படிக்கிறோம். நம் டெல்டாவிலும் அப்படி நடக்கிறதா? என் கடைப் பையன் இரவு கடையைப் பூட்டிவிட்டு வண்டியில் போகும்போது இரண்டு மாதத்தில் மூன்று முறை நிறுத்தப்பட்டான். ஒருமுறை ஸ்டேஷனில் விடியும்வரை உட்காரவைத்துப் படம் எடுத்து அனுப்பினார்கள். அதே சாலையில் முப்பது வருடமாகப் போய்வரும் என்னை ஒருநாளும் நிறுத்தியதில்லை. சட்டம் என்ன சொல்கிறது? எது மாற வேண்டும்?”

நடக்கிறது ஐயா. உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஒரே சாலை, ஒரே நேரம், இரண்டு ஆட்கள். ஒருவருக்கு வழி, இன்னொருவருக்குத் தடை. டெல்டாவின் கீழமை நீதிமன்றங்களில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குற்ற வழக்குகள் நடத்துகிறேன். கைதானவர்களிடம் முதலில் என்ன கேட்டார்கள் என்று நான் விசாரிப்பது வழக்கம். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “ஊர் கேட்டார்கள். ஊரைச் சொன்னதும் எந்தத் தெரு என்று கேட்டார்கள்.”

இந்தக் கேள்வியின் பொருள் காவிரிப் படுகையில் பிறந்தவர்களுக்கு விளக்காமலே புரியும். இங்கே ஊர் என்பது வாய்க்காலும் வயலும் பிரித்த தெருக்களின் தொகுப்பு. அக்ரகாரம், குடியானத் தெரு, அதற்கு அப்பால் மதகைத் தாண்டிச் சேரி. தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடும். அரசுப் பதிவேடுகளிலிருந்து ‘காலனி’ என்ற சொல்லை நீக்கப்போவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்லது. ஆனால் இரவு ரோந்தில் நிற்பவர் பதிவேட்டைப் புரட்டுவதில்லை. அவருக்குத் தெரு தெரிந்தால் போதும். நியூயார்க்கில் தோலின் நிறம் செய்யும் வேலையை இங்கே தெரு செய்கிறது.

நியூயார்க் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் பயன்படும். அங்கே 2004 தொடக்கத்திலிருந்து 2012 நடுப்பகுதிவரை போலீஸார் தெருவில் நடந்தவர்களை 44 லட்சம் முறை நிறுத்தினார்கள். நிறுத்தப்பட்டவர்களில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள். நூற்றில் 88 பேர்மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முகாந்திரம் இல்லை. ஆயுதம் கிடைத்த விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடம் குறைவாகவே இருந்தது. இந்த நடைமுறை அரசியல் சாசனத்துக்கு விரோதமானது என்று 2013-இல் ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். 2011-இல் 6,85,000-ஐத் தாண்டியிருந்த நிறுத்தங்கள் 2014-இல் 50,000-க்கும் கீழே இறங்கின. ஊர் கெட்டுப்போகவில்லை. அந்த ஆண்டுகளில் நகரத்தில் கொலைகள் குறைந்துகொண்டேதான் வந்தன. “சந்தேகப்பட்டவனைப் பிடித்து வைக்காவிட்டால் திருட்டு பெருகும்” என்று நம் ஊரில் யாராவது சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டுங்கள்.

நம் பக்கம் இந்தப் பழக்கத்துக்கு எழுதப்பட்ட சட்டமே இருந்தது. 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் திருத்தி எழுதப்பட்ட பிறகு சென்னை மாகாணத்திலும் பாய்ந்தது. குறிப்பிட்ட சாதியில் பிறந்த ஆண் கைரேகை பதிய வேண்டும், ஊரை விட்டுப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இரவில் வந்து ஆஜராக வேண்டும். மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று ரேகை பதிய மறுத்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பலரும் அறிவார்கள். அந்தப் பட்டியலில் டெல்டாவும் இருந்தது என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கந்தர்வகோட்டைக் கள்ளர், கூட்டப்பால் கள்ளர், அம்பலக்காரர், உப்புக் குறவர், இஞ்சிக் குறவர், கலக் குறவர் என்று இன்று சீர்மரபினர் (குற்றப் பரம்பரை முத்திரை நீக்கப்பட்டவர்கள்) பட்டியலில் இருக்கும் 68 வகுப்புகளில் பல, பழைய தஞ்சாவூர், திருச்சி மாவட்டங்களுக்கு உரியவை.

இவர்கள் எப்படிக் ‘குற்றவாளிகள்’ ஆனார்கள்? சிலர் ஊர்க்காவல் பார்த்தவர்கள். பாடிகாவல் என்று அதற்கு ஊரே கூலி கொடுத்தது. 1859-இல் மாவட்ட போலீஸ் சட்டம் வந்ததும் காவல் அரசின் ஏகபோகமாயிற்று. காவல்காரன் தொழில் இழந்தான், பிறகு கள்ளன் என்று பெயர் வாங்கினான். உப்புக் குறவர் கதை இன்னும் துயரமானது. கடற்கரையில் உப்பை வாங்கிக் கழுதையிலும் மாட்டிலும் பொதி ஏற்றி உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றிய வணிகர்கள் அவர்கள். 1861–62-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு ரயில் வந்தது. உப்பு அதற்கு முன்பே அரசின் தனியுரிமை ஆகியிருந்தது. பொதிமாட்டுக்கு வேலை இல்லாமல் போனது. ஊர் ஊராக நடந்தவர்களை ‘நிலையில்லாமல் திரிபவர்கள்’ என்று எழுதிய அரசு, அவர்கள் பிழைப்பைப் பறித்தது யார் என்று எழுதவில்லை.

சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டம் ஒழிந்தது. அடுத்த ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. சாதிப் பெயர் போய் ‘வழக்கமாகக் குற்றம் செய்பவர்’ வந்தார். ஸ்டேஷன் அலமாரியில் இருந்த பதிவேடுகள் அலமாரியிலேயே இருந்தன. ‘கேடி’ என்று நாம் சாதாரணமாகத் திட்டுகிறோமே, அது ‘நோன் டெப்ரிடேட்டர்’ (Known Depredator) என்ற போலீஸ் பதிவேட்டுச் சொற்களின் முதலெழுத்துகள். அறியப்பட்ட கொள்ளையர் என்று பொருள். ‘கேப்மாரி’ என்பது இன்றும் சீர்மரபினர் பட்டியலில் இருக்கும் ஒரு சமூகத்தின் பெயர். ஒரு மக்களின் பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம் என்பது தெரிந்த நாளிலிருந்து அதை நான் உச்சரிப்பதில்லை. நீங்களும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என் கட்சிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். கொள்ளிடக் கரையில் கூடை முடைபவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் பதினோரு பவுன் களவு போனது. அன்று மாலையே ஜீப் அவர் குடிசை வாசலுக்கு வந்தது. களவு நடந்த வீட்டில் கைரேகை நிபுணர் கால்வைக்கும் முன்பே குற்றவாளி முடிவாகிவிட்டார். அவரையும் மைத்துனரையும் நான்கு நாள் வைத்திருந்தார்கள். எங்கே என்று கேட்டுப் போன அவர் மனைவியிடம், இங்கே இல்லை என்றார்கள். ஐந்தாம் நாள் நீதிமன்றத்துக்கு வந்த தாளில் கைது நேரம் அன்று காலை ஆறு மணி, இடம் பஸ் நிலையம். “எங்களைக் கண்டதும் மறைய முயன்றவரை நிறுத்தி விசாரித்தபோது முன்னுக்குப் பின் முரணாகப் பதிலளித்ததால்” என்று எழுதியிருந்தது. மீட்கப்பட்டதாகக் காட்டிய நகையில் ஒரு ஜோடித் தோடு, அவர் மனைவி காதிலிருந்து கழற்றியது. களவு கொடுத்த அம்மாள் குறுக்கு விசாரணையில் நேர்மையாகச் சொன்னார்: “இது என்னுடையது இல்லை.” அந்த ஒரு வாக்கியத்தால் ஆறு ஆண்டு கழித்து அவர் விடுதலையானார்.

விடுதலை ஆனார் என்று எழுதினேன். வழக்கிலிருந்து மட்டும்தான். கைதானபோது அவரைத் தொடர்ந்து கண்காணிக்க ஸ்டேஷனில் திறந்த சரித்திரப் பதிவேடு மூடப்படவில்லை. அக்கம்பக்கத்தில் தேர் என்றால் கூப்பிடுவார்கள், அமைச்சர் வருகிறார் என்றால் கூப்பிடுவார்கள். 2016 மகாமகத்தின்போது பத்து நாளும் தினம் இருமுறை கையெழுத்து. மகாமகத்துக்குக் கூடை விற்று ஒரு வருட அரிசிக்கு வழிசெய்யலாம் என்று மூங்கில் வாங்கி வைத்திருந்தார். மூங்கில் காய்ந்தது. இப்போது அவர் மகனுக்குப் பத்தொன்பது வயது. அவனை ரோந்தில் நிறுத்துகிறவர்கள் “நீ அவர் மகன்தானே” என்கிறார்கள். பையன் டிப்ளமோ படிக்கிறான்.

‘முன்னுக்குப் பின் முரண்’ என்ற அந்தத் தொடரை நான் நூற்றுக்கணக்கான தாள்களில் படித்திருக்கிறேன். நாளிதழ்களிலும் அச்சுப் பிசகாமல் அப்படியே வருகிறது. நள்ளிரவில் லத்தி வைத்திருப்பவர் முன்னால் நின்று முரணில்லாமல் பேச எவரால் முடியும்? ஆனால் அந்தச் சொற்களுக்குச் சட்டத்தில் ஒரு வேலை இருக்கிறது. பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 109, 110 பிரிவுகள், இப்போதைய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 128, 129 ஆகியவை, சந்தேகத்துக்குரியவர்களிடமும் வழக்கமான குற்றவாளிகளிடமும் நன்னடத்தைப் பிணை கேட்க இடம் தருகின்றன. மாவட்டங்களில் இதைக் கோட்டாட்சியர் போன்ற நிர்வாக நடுவர் விசாரிக்க வேண்டும். நகரங்களில் காவல் துணை ஆணையர்களுக்கே அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. பிடித்தவரே நடுவராகவும் இருக்க முடியாது என்பது இதன் சாரம்.

காவலர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. என் வகுப்புத் தோழர்கள் இருவர் ஏட்டாக ஓய்வு பெற்றவர்கள், அவர்களும் அதே தெருக்களில் பிறந்தவர்கள். மாதந்தோறும் மாவட்டத் தலைமையில் குற்றக் கூட்டம் நடக்கும். எத்தனை வழக்கு, எத்தனை கண்டுபிடிப்பு, எத்தனை பவுன் மீட்பு என்று கேட்பார்கள். இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டு பதில் சொல்ல வேண்டும். பந்தோபஸ்து, சம்மன், நீதிமன்றப் பணி எல்லாவற்றையும் பார்க்கும் அதே நான்கைந்து பேர்தான் துப்பும் துலக்க வேண்டும். தடயம் தேட நேரமில்லை, பதிவேடு கையில் இருக்கிறது. எனவே கை பதிவேட்டுக்குப் போகிறது. ஒருவரைப் பிடித்தால் நிலுவையில் உள்ள நான்கு களவுகளையும் அவர்மீது ஏற்றிக் கணக்கை முடிக்கலாம். உண்மையான கள்வன் அப்போது அடுத்த வீட்டின் பின்கதவைப் பார்த்துக்கொண்டிருப்பான். களவு கொடுத்தவருக்கும் இதில் நீதி இல்லை.

இந்தப் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு 1993-ஆம் ஆண்டுக் கம்மாபுரம் வழக்கு இருக்கிறது. விருத்தாசலம் பக்கம் முதனை கிராமத்தில் கூலி வேலை செய்த குறவர் ஒருவரை நகைக் களவுச் சந்தேகத்தில் பிடித்துப் போனார்கள். அவர் தப்பி ஓடிவிட்டதாகக் காவல் நிலையம் சொன்னது. கொள்ளிடத்துக்கு வடக்கே மீன்சுருட்டி எல்லையில் அடையாளம் தெரியாத உடலாக அவர் கிடந்திருந்தார். அவருடைய மனைவி விடவில்லை. ஆட்கொணர்வு மனுவோடு சென்னை உயர் நீதிமன்றம் போனார். அவருக்காக வாதாடியவர் திருவரங்கத்தில் பிறந்த கே. சந்துரு, பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதி. காவலர்களின் தண்டனையை 2006-இல் உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. பதின்மூன்று ஆண்டு ஆயிற்று. அந்த அம்மாளைப் போல விடாமல் நிற்க எல்லோராலும் முடியாது. முடியாத வீடுகளின் கதை எந்தத் தீர்ப்புத் தொகுப்பிலும் இல்லை.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அதைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. தெரு பார்த்துச் சிலரைச் சந்தேகிக்கும் அதே கண், தெரு பார்த்துச் சிலரைச் சந்தேகிக்கவே மறுக்கும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள், பணியாட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய்த் தீவைத்திருப்பார்கள் என்பது நம்பக் கடினம் என்று தீர்ப்பு சொன்னது. கூடை முடைபவர் தெருவால் குற்றவாளி. மிராசுதார் தெருவால் நிரபராதி. இரண்டு இடத்திலும் சாட்சி சொன்னது பிறப்பு. உங்களை முப்பது வருடமாக நிறுத்தாததும், வருத்தம் வேண்டாம் ஐயா, இதே கண்தான்.

இப்போது புதிதாக ஒரு கூட்டம் அந்தப் பார்வைக்குள் வந்திருக்கிறது. நடவுக்கு ஆள் கிடைக்காமல் மேற்கு வங்கத்திலிருந்து தொழிலாளர்கள் டெல்டாவுக்கு வருகிறார்கள். குறுவை நடவில் அவர்கள் கைபடாத வயல் குறைந்துவருகிறது. எங்காவது களவு போனால் முதலில் அவர்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்குத்தான் ஆள் போகிறது. மொழி தெரியாதவர் சொல்வது எல்லாமே முரணாகத்தானே கேட்கும்?

உங்கள் கடைப் பையனைப் படம் எடுத்தார்கள் என்கிறீர்கள். அதைச் சிறிய விஷயமாக எண்ண வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் அடையாளம் காணல் சட்டம் விரல்ரேகை, கருவிழி போன்ற அளவீடுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் அது தண்டிக்கப்பட்டவர், கைதானவர், நன்னடத்தைப் பிணை தர உத்தரவிடப்பட்டவர் போன்றோருக்கான சட்டம். சாலையில் நிறுத்தப்பட்டவனுக்கானது அல்ல. முக அடையாளச் செயலி இன்று ரோந்துக் காவலரின் கைப்பேசியில் இருக்கிறது. பழைய கேடி ரிஜிஸ்டரைக் கரையானாவது அரித்தது. இதை அரிக்க எதுவும் இல்லை.

சட்டம் மோசமாக இல்லை. இரவில் வீட்டுக் கதவைத் தட்டிக் கண்காணிப்பது செல்லாது என்று கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962-லேயே சொல்லிவிட்டது. கைதுக்கான நெறிகளை 1996-இல் டி.கே. பாசு வழக்கில் வகுத்தது. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பிறப்பின் அடிப்படையில் இயந்திரத்தனமாகச் சரித்திரப் பதிவேட்டில் ஏற்றுவதைத் தடுக்க எல்லா மாநிலங்களும் தங்கள் விதிகளை மறுபரிசீலனை செய்து, திருத்தம் தேவையா என்று பார்க்க வேண்டும் என்று 2024 மே 7 அன்று அமானத்துல்லா கான் வழக்கில் உத்தரவிட்டது. அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று, சிறைகளில் சாதிப் பாகுபாட்டை ஒழித்த தீர்ப்பில், சீர்மரபினரைக் கண்மூடித்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று போலீஸுக்கு மீண்டும் நினைவூட்டியது. காகிதத்தில் இவ்வளவு இருக்கிறது. கொள்ளிடக் கரைவரை வந்து சேர்ந்தது குறைவு.

ஒரு சிக்கல் டெல்டாவில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. ‘குறவன்’ என்று சான்றிதழ் வைத்திருப்பவர் பட்டியல் சாதி. ‘கொறவர்’ என்ற எழுத்தோடு சீர்மரபினர் சான்றிதழ் வைத்திருப்பவர் பட்டியல் சாதி இல்லை. முதலாமவர்மீது பொய் வழக்குப் போட்டால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் துணைக்கு வரும். இரண்டாமவருக்கு வராது. அண்ணன் தம்பிபோல் வாழும் மக்களை ஓர் எழுத்து பிரிக்கிறது.

எது மாற வேண்டும் என்று கேட்டீர்கள். பெரிய பெரிய சீர்திருத்தங்களை எல்லோரும் சொல்வார்கள். 2006-இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட ஏழு கட்டளைகளில் ஒன்று, போலீஸ்மீதான புகார்களுக்குத் தனி ஆணையம், தலைமையில் ஓய்வுபெற்ற நீதிபதி. தமிழ்நாடு 2013-இல் இயற்றிய சட்டத்தில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரும் மாவட்டத்தில் கலெக்டரும் தலைவர்கள். போலீஸை மேய்ப்பவரிடமே போலீஸைப் பற்றிப் புகார் சொல்லும் ஏற்பாடு இது. இதை மாற்றியே ஆக வேண்டும்.

ஆனால் என்னிடம் ஒரே ஒரு மாற்றத்தைக் கேட்டால், சரித்திரப் பதிவேட்டைத்தான் சொல்வேன். யார்மீது திறக்கிறீர்களோ அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், மறுப்புச் சொல்ல வாய்ப்புக் கொடுங்கள். விடுதலையானால் அன்றே மூடுங்கள். மூட மறுத்தால் காரணத்தை நீதித்துறை நடுவர் பார்க்கட்டும். அடுத்து, சாலையில் நிறுத்தினால் ஒரு சீட்டு. இங்கிலாந்தில் சோதனையிடப்பட்டவர் பதிவின் நகலைக் கேட்டுப் பெறும் உரிமை 1984-இன் சட்டத்திலிருந்து இருக்கிறது. யாரை, எங்கே, ஏன் நிறுத்தினேன் என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்றால், நூறு சீட்டு சேர்ந்ததும் எந்தத் தெருக்காரர்கள் நிறுத்தப்படுகிறார்கள் என்பது வெளியே வந்துவிடும். அந்தக் கணக்கு இல்லாததால்தான் நம் ஊரில் இப்படி எதுவும் நடப்பதில்லை என்று சுலபமாகச் சொல்ல முடிகிறது.

மூன்றாவது இடம் நடுவரின் மேசை. ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது “அடித்தார்களா?” என்று நடுவர் கேட்பார். பின்னால் இரண்டடியில் அதே காவலர் நிற்பார். திரும்பிப் போகும் ஜீப்பும் அதே ஜீப். “இல்லை” என்றுதான் பதில் வரும். காவலரை வெளியே அனுப்பிவிட்டு, சட்டையைக் கழற்றச் சொல்லி முதுகைப் பார்த்த ஒரு நடுவரை என் இளம் வயதில் பார்த்திருக்கிறேன். அதற்கு அவருக்கு எந்தப் புதிய சட்டமும் தேவைப்படவில்லை.

இனி உங்கள் பையன் காரியம். ‘சும்மா ஸ்டேஷனுக்கு வா’ என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. சாட்சியாக அழைத்தால் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவின்படி எழுத்து உத்தரவு வேண்டும். குற்றச்சாட்டு என்றால் 35(3)-இன்படி நோட்டீஸ். கைது என்றால் காரணம் சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். விடியும்வரை பெஞ்சில் உட்காரவைப்பது இவற்றில் எதுவும் இல்லை. 2020-இன் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி நிலையத்தின் கேமராப் பதிவை 18 மாதம், மிகக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். ஆகவே அந்த இரவின் தேதியைக் குறிப்பிட்டு, பதிவை அழிக்காமல் வைக்கும்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு இந்த வாரமே பதிவுத் தபால் அனுப்புங்கள். படத்தை எதில் ஏற்றினார்கள், எந்தச் சட்டப் பிரிவில் என்று அதே மனுவில் கேளுங்கள். பணம் கட்டி வழக்கறிஞர் வைக்க இயலாதென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண் இருக்கிறது.

பையனிடம் கடைப் பெயர், வேலை நேரம், உங்கள் கைப்பேசி எண் எழுதிய ஒரு கடிதத்தைக் கொடுத்து வையுங்கள். அடுத்த முறை நிறுத்தினால் உடனே உங்களை அழைக்கச் சொல்லுங்கள். அழைத்தால் படுத்திருந்தாலும் எழுந்து போங்கள். அங்கே போய்ச் சண்டை வேண்டாம், குரல் உயர்த்த வேண்டாம். அவன் பக்கத்தில் நில்லுங்கள். தேதி, நேரம், இடம், காவலரின் பெயர்ப் பட்டையில் உள்ள பெயர், முதலில் கேட்ட கேள்வி, ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அவர் கண்ணெதிரே எழுதுங்கள். அந்த முதல் கேள்வி “எந்தத் தெரு” என்பதாக இருந்தால், அதை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதி, கீழே கையெழுத்துப் போடுங்கள்.